ஆறு கட்டுரைகளில் ஓடிய ஆறு

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, இரண்டாம் பாடவேளை முடிகிற நேரம், எங்கள் பாடசாலைத் தமிழ் ஆசிரியை ஒரு கட்டுக் கொப்பியோடு கணினி அறைக்குள் வந்தார். கொப்பிகளை என் மேசையில் வைத்த விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"சேர், உங்கட கொம்பியூட்டர் செய்த வேலையை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ."

தரம் 10 பிள்ளைகளுக்கு 'எனது கிராமம்' என்று கட்டுரை கொடுத்திருக்கிறார். மொத்தம் 32 கொப்பி. அதில் ஆறு கட்டுரைகளில் ஆறு ஓடியது. சும்மா ஓடவில்லை, சலசலத்து ஓடியது. ஒன்றில் மாலை நேரம் ஆற்றங்கரையில் பெரியவர்கள் கூடியிருந்து பேசினார்கள். இன்னொன்றில் தூரத்தே நீல மலைகள் வேறு. நாங்கள் இருப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில். இந்தப் பக்கம் மலை என்று பெயரிலாவது இருப்பது கீரிமலை. அங்கேயும் போனால் கேணிதான் இருக்கும்.

ஆறு பேரையும் கூப்பிட்டேன். வரிசையாக வந்து நின்றார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. சாட்ஜிபிடியிடம் 'எனது கிராமம், 200 சொற்களில் கட்டுரை' என்று கேட்டு, வந்ததை அழகான கையெழுத்தில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒருவன் மட்டும் வழக்குப் பேசினான்.

"ஏன் சேர், வழுக்கியாறு இருக்குத்தானே?"

இருக்கிறது. மாரி மழைக்கு ஓடி, அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழும். கோடையில் போய்ப் பார்த்தால் எது ஆறு, எது வாய்க்கால் என்று தெரியாது. அதுவும் அவனுடைய ஊரிலிருந்து சைக்கிளில் ஒரு மணி நேரம். சலசலப்பு அவ்வளவு தூரம் கேட்காது என்றேன். அவனே சிரித்துவிட்டான்.

ஆசிரியைக்கு வந்த கோபம் எனக்கும் வந்ததுதான். ஆனால் புத்தி சொல்ல வாய் எழவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

2020 மார்கழி (டிசெம்பர்) தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய அந்த நாட்களில், யாழ்ப்பாணத்தில் விடாத மழை. கரண்ட் இல்லை. போனில் 18 வீதம் சார்ஜ். ஒரு வட்ஸ்அப் குழுவில் படமொன்று வந்தது: இடுப்பளவு வெள்ளத்தில் ஒரு பஸ், பின்னால் கடைத்தெரு. 'யாழ் நகரம், சற்று முன்' என்று கீழே போட்டிருந்தது. நான் அதைத் தூக்கி அப்படியே வகுப்புக் குழுவில் போட்டேன். 'பிள்ளைகள், ஒருவரும் வெளியே போகாதேங்கோ' என்று அக்கறையான ஒரு வரி வேறு.

பத்து நிமிடத்தில் ஒரு மாணவி எனக்குத் தனியே அனுப்பினாள். குழுவில் போடாமல் தனியே அனுப்பியதற்கு இன்றைக்கும் அவளுக்கு நன்றி. படத்தின் ஒரு மூலையைப் பெருப்பித்து, கடைப்பலகை ஒன்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள்.

'சேர், இந்த எழுத்து தெலுங்கு மாதிரிக் கிடக்கு. படத்தைக் கூகுளிலை போட்டுத் தேடினனான். பழைய படம்.'

அதை அவளுக்கு நான் படிப்பிக்கவில்லை. அந்தத் தவணையில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தது துவித எண்கள். பதின்மத்திலிருந்து துவிதத்துக்கு மாற்றுவதில் அவள் எப்போதும் பிழை விடுவாள்.

அதே வருடம் பங்குனி வரைக்கும், பாடசாலைக்கு போன் கொண்டுவந்த பிள்ளையிடம் அதைப் பறித்து அலுமாரியில் பூட்டினோம். கொரோனாவால் பாடசாலைகள் மூடியதும் அதே வாயால் 'போன் இல்லாவிட்டால் பாடம் போய்விடும்' என்று தாய் தகப்பனுக்குச் சொன்னோம். தோட்டம் செய்கிற ஒரு தகப்பன் வெங்காயம் விற்ற காசில் மகளுக்கு போன் வாங்கிக் கொடுத்தார். வாங்கிய பிறகு அதை வைத்து என்ன செய்யலாம் என்று அந்தப் பிள்ளைக்கு நாங்கள் காட்டவில்லை. 'கவனமாகப் பாவியுங்கோ' என்றோம். கவனம் என்றால் என்ன என்று கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன்.

ஆகவே அந்த ஆறு பேருக்கும் பேச்சும் இல்லை, பூச்சியமும் இல்லை. ஆசிரியையிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். ஆளுக்கொரு சிவப்புப் பேனை கொடுத்து, இயந்திரம் எழுதித் தந்ததில் தங்கள் ஊருக்குப் பொய்யான வசனங்களின் கீழ் கோடு போடச் சொன்னேன்.

ஒரு பிள்ளையின் கட்டுரையில் கடைசியில் மிஞ்சியவை இரண்டே வசனங்கள். 'எங்கள் கிராமத்தில் ஒரு கோயில் இருக்கிறது. மக்கள் ஒற்றுமையாக வாழ்கிறார்கள்.' பேனையைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இரண்டாவது வசனத்தின் கீழும் கோடு போட்டாள். கோயில் நிர்வாகத்தில் அப்போது வழக்கு நடந்துகொண்டிருந்தது.

இந்த இயந்திரத்துக்கு ஊர் தெரியாது என்பதை அன்று கரும்பலகையில் படம் கீறி விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்று எக்கச்சக்கமான பக்கங்களில் அது பழகியிருக்கிறது. கிராமம் வந்த இடமெல்லாம் ஆறு வந்தது, ஆலமரத்தடி வந்தது, ஆகவே எங்களுக்கும் ஒரு ஆற்றைத் தந்துவிட்டது. எங்கள் ஊரைப் பற்றித் தமிழில் எழுதி இணையத்தில் கிடப்பதே கொஞ்சம். அதிலும் பழையதில் நிறைய, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டுகிற பாமினி எழுத்துருவில் அடித்து அப்படியே விட்டவை. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றாவிட்டால் தேடுகிற பொறிக்கு அவை தமிழே அல்ல, வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை.

சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கோடு போட்ட அந்தப் பிள்ளை கேட்டாள்: "அப்ப ஏன் சேர் எங்களுக்கு ஆறு இல்லை?"

கணினிப் பாடத்தில் வருகிற கேள்வியல்ல. ஆனாலும் மறுமொழி தெரிந்ததால் சொன்னேன். குடாநாட்டுக்குக் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். மழை பெய்தால் ஓடுவதைவிட இறங்குவது அதிகம். இறங்கிய நன்னீர், கடலிலிருந்து உள்ளே வந்திருக்கும் உவர்நீருக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதந்து நிற்கிறது. நாங்கள் கிணற்றில் அள்ளுவது அதைத்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே கிடக்கிற உவர் மேலே வரும். நிலாவரைக்குச் சுற்றுலா போன பிள்ளைகளுக்கு, அந்தக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் என்று சொல்லக் கேட்ட ஞாபகம் இருந்தது.

"அப்ப எங்கட கிணத்திலை இப்ப எவ்வளவு தண்ணி கிடக்கு?"

ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் என் வீட்டுக் கிணற்றில் எவ்வளவு என்று தெரியாது. மோட்டர் வந்த பிறகு யார் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறோம்?

இப்படித்தான் கிணறு அளக்கத் தொடங்கினோம். தேவையானவை ஒரு கயிறு, ஒரு கல், அளவுநாடா, போன். வெள்ளிக்கிழமை பின்னேரம், மோட்டர் போட முன்பு, கிணற்றுக் கட்டில் போட்ட ஓர் அடையாளத்திலிருந்து தண்ணீர் மட்டம் வரைக்கும். கல் தண்ணீரைத் தொடும்போது 'தொப்' என்று ஒரு சத்தம் வரும். அந்த இடத்தில் கயிற்றைப் பிடித்து, வெளியே எடுத்து, முற்றத்தில் நீட்டி அளந்து, வகுப்புக்குப் பொதுவான விரிதாளில் தன் பெயருக்கு நேரே எழுதவேண்டும். வீட்டில் கிணறு இல்லாதவர்களையும் ஒரே வளவுக்குள் இருப்பவர்களையும் கழித்தால் 26 கிணறு.

முதல் வாரம் ஒருத்தி 'இரண்டரைப் பாகம்' என்று எழுதியிருந்தாள். அம்மப்பா கயிற்றை இரண்டு கையாலும் விரித்து அளந்து சொல்ல, இவள் அதையே போட்டுவிட்டாள். இன்னொருவன் அடியில். ஒருவன் அலகே இல்லாமல் வெறும் 5. அலகு எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்ற பாடத்தை நான் வருடாவருடம் ஒரு முழுப் பாடவேளை எடுத்துச் சொல்வேன். அன்று ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஐப்பசிக் கடைசியில் மழை தொடங்கியது. வரைபில் எல்லாக் கோடுகளும் மேலே ஏறின. (எண் குறையக் குறையத் தண்ணீர் கூடுகிறது என்பதால் அச்சைத் தலைகீழாக்கி வைத்திருந்தோம். அதுவும் ஒரு பெடியனின் யோசனை.) ஒரு கோடு மட்டும் மூன்று வாரமாக 4.20 மீற்றரில் படுத்துக் கிடந்தது. நான் கவனிக்கவில்லை. பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது:

"டேய், உன்ர கிணறு என்ன, குடை பிடிச்சுக்கொண்டு நிக்குதோ?"

வகுப்பு சிரித்து ஓய ஒரு நிமிடம் ஆனது. அவன் குனிந்துகொண்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் பார்த்தால் அந்த மூன்று எண்களையும் அழித்துவிட்டு, மூன்று கட்டத்திலும் 'அளக்கேல்லை' என்று எழுதியிருந்தான். அப்படியும் எழுதலாம் என்பது மற்றப் பிள்ளைகளுக்கு அதுவரை தோன்றவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் விரிதாள் முழுக்க அங்கங்கே அளக்கேல்லைகள் முளைத்தன. 'மழை, அளக்கேல்லை.' 'அம்மாவுக்குக் காய்ச்சல், அளக்கேல்லை.' 'மறந்துபோனன், அளக்கேல்லை.' எனக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. நான் வாசிக்கிற எத்தனையோ அறிக்கைகளில் அது இருக்கவேண்டிய இடங்கள் கண்ணில் படுகின்றன.

அளவுக்குச் சாட்சியாகப் படமும் போடுங்கள் என்றது நான்தான். அது என் பிழை. கிணற்றடி என்றால் என்ன என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கவேண்டும். குளிக்கிற இடம், உடுப்புத் தோய்க்கிற இடம். ஒருவன் குழுவில் போட்ட படத்தில் கயிறும் கல்லும் அருமையாக விழுந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால், பக்கத்து வீட்டு அக்கா குறுக்குக்கட்டோடு வாளியும் கையுமாக நின்றார்.

இரண்டு மூன்று பிள்ளைகள் சொல்ல, அவன் உடனே அழித்துவிட்டான். திங்கட்கிழமை வகுப்பில் "அழிச்சாச்சுத்தானே சேர்" என்றான். "ஆர் ஆரின்ர போனிலை இறங்கினது?" என்று ஒரு மாணவி கேட்டாள். வட்ஸ்அப் படங்களைத் தானாகவே போனில் இறக்கி வைப்பதும், அதற்குள் ஒருவர் வேறிடத்துக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பிரதியை முதலில் போட்டவனாலேயே அழிக்க முடியாது என்பதும் பாதிப் பேருக்குத் தெரியாது. அன்று பின்னேரம் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்த் தங்கள் போனையும், தாய் தகப்பனின் போனையும் பார்த்து, 'இல்லை' என்று குழுவில் எழுதினார்கள். படம் எடுத்தவன் தாயோடு போய் அந்த அக்காவிடம் நடந்ததைச் சொன்னான். அவர் அவனோடு ஒரு கிழமை கதைக்கவில்லை என்று கேள்வி. அதற்குப் பிறகு பிள்ளைகளே ஒரு விதி வைத்தார்கள்: கயிறு, கல், கிணற்றுக் கட்டு. ஆள் இல்லை, கொடியில் உடுப்பு இல்லை, வீடு இல்லை.

இதை எழுதும்போது சித்தப்பாவின் சைக்கிள் ஞாபகத்துக்கு வருகிறது. 1990இல் போரால் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது நான் சின்னப் பெடியன். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். கடையில் கிடைத்தாலும் யானை விலை. சித்தப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லோடு சாய்த்து, வயரை ரேடியோவில் கொழுவினார். செய்தி நேரத்துக்கு ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் முற்றத்தில் நிற்கும். பெடலைச் சுற்றுவது என் வேலை. மெதுவாகச் சுற்றினால் சத்தம் செத்துப்போகும். வேகமாகச் சுற்றினால் ரேடியோவே போய்விடும்.

"ஒழுங்கைக்கு உள்ளது இந்த ஒண்டுதான். பாத்துச் சுத்தடா."

1995 ஐப்பசியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அந்த ரேடியோவும் சைக்கிளில் கட்டித் தென்மராட்சிக்கு வந்தது. 1996 பங்குனி (மார்ச்) 17, உலகக்கிண்ண இறுதிப் போட்டி. லாகூரில் அரவிந்த டி சில்வா சதம் அடிக்கும்வரை சுற்றினேன். பிறகு கை ஏலாமல் இன்னொருவனிடம் கொடுத்தேன். யாருக்காகக் கை தட்டினோம் என்பது வேறு கதை, அதை இங்கே இழுக்கவில்லை. கருவிகளைப் பற்றி இப்போது பேசும்போது வருகிற பொறுப்பு, ஆக்கத்திறன் என்ற சொற்களை எங்கள் முற்றத்தில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்றைச் செய்யத் தெரிந்தவனுக்கு, அதைக் கெடுக்காமல் செய்யவும் தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே பெடலில்தான் சுற்றின. பாடத்திட்டத்தில் நாங்கள்தான் இரண்டையும் இரண்டு அலகாகப் பிரித்து, ஒன்றைச் சோதனைக்கும் மற்றதைக் கருத்தரங்குக்கும் விட்டிருக்கிறோம்.

கருத்தரங்கு என்றதும் ஒன்று. ஆண்டுக்கு ஒரு தடவை யாராவது வந்து இணையப் பாதுகாப்புப் பற்றிப் பேசுவார்கள். 2007ஆம் ஆண்டுக் கணினிக் குற்றங்கள் சட்டம், 2024ஆம் ஆண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று திரையில் வரும். செய்யாதே, போடாதே, நம்பாதே. பிள்ளைகள் கொட்டாவியை விழுங்குவார்கள். அதில் நான் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு எண்: சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. அதைக் கணினி அறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு தடவை அது தேவைப்பட்டது. அதைப் பற்றி எழுதமாட்டேன்.

கிணறுகளுக்கு வருகிறேன். தையில் பிள்ளைகளுக்கு ஆசை கூடிவிட்டது. ஒருத்தி எல்லாக் கிணறுகளையும் கூகுள் வரைபடத்தில் குத்திவிட்டாள். நீலப் புள்ளி நல்ல தண்ணீர், சிவப்புப் புள்ளி உவர். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. இணைப்பைத் தாயின் போனில் காட்ட, தாய் சித்திக்கு அனுப்ப, அது ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு பெரியவர் பாடசாலைக்கு வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது.

"சேர், காணியை விக்க ஆள் பாத்துக்கொண்டிருக்கிறம். உதிலை எங்கட கிணறு உவர் எண்டு சிவப்பாப் போட்டுக் கிடக்கு."

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன்: உவர் என்று எப்படித் தெரியும்? "குடிச்சுப் பாத்தனான் சேர்." ஒரு மிடறு. அதுவும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்து குடித்தது என்று பிறகு தெரிந்தது.

வரைபடத்தை அன்றே இறக்கினோம். ஆனால் அவள் விடவில்லை. கனடாவிலிருக்கும் மாமாவிடம் சொல்லி, பேனை மாதிரி ஒரு சின்னக் கருவி எடுப்பித்தாள். தண்ணீரில் வைத்தால் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். உலக சுகாதார நிறுவனம் 600க்குக் கீழே குடிக்க நல்ல சுவை என்கிறது. 1,000 தாண்டினால் சுவை கெட்டுக்கொண்டு போகும். பெரியவரின் கிணற்றில் 640 காட்டியது. அவர் கண்ணாடியைப் போட்டு அந்தச் சின்னத் திரையை இரண்டு தரம் பார்த்தார். "நம்பரைப் போடுங்கோ பிள்ளை. பேரைப் போடாதேங்கோ" என்றார்.

இப்போதுள்ள வரைபடத்தில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. ஒழுங்கையின் பெயரும் எண்ணும் அளந்த திகதியும் மட்டும். வீடு எது என்று தெரியாது. அந்தக் கருவியால் பசளையிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் இறங்குகிற நைத்திரேற்றைப் பிரித்தறிய முடியாது என்ற குறிப்பையும் கீழே போட்டிருக்கிறோம். எங்கள் தோட்டக் கிணறுகளில் அதுதான் பெரிய பிரச்சினை. அந்தக் குறிப்பைப் போடவேண்டும் என்று அடம்பிடித்தவளும் ஐஸ்கிரீம்காரிதான்.

இடையில் தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் ஊரைப் பற்றி எழுதலாம் என்று கிளம்பினார்கள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய காலத்திலிருந்து அதில் எழுதிக் குவித்தவர் யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன் என்று சொன்னபோது, "எங்கட ஆளோ!" என்று ஒரு சத்தம். ஆனால் சான்று வேண்டும் என்றதும் சத்தம் அடங்கியது. 'அம்மம்மா சொன்னவ' என்பது அங்கே செல்லாது. நல்ல வேளை, 2005இலிருந்து தொண்டர்கள் ஈழத்து வெளியீடுகளை மின்வருடிப் போட்டுக்கொண்டிருக்கும் நூலகம் தளம் இருக்கிறது. கோயில் மலர், பாடசாலை ஆண்டு மலர், ஊர்ச் சங்க வெளியீடு என்று தேடினார்கள். கோயில் வழக்கில் இருக்கிற இரண்டு தரப்பின் மலர்களும் கிடைத்தன. எந்தத் தரப்புச் சொல்வதை எழுதுவது என்ற சண்டையில் கட்டுரை இன்னும் பாதியில் நிற்கிறது.

தமிழ் ஆசிரியை இந்த வருடம் அதே வகுப்புக்கு, இப்போது தரம் 11, திரும்பவும் 'எனது கிராமம்' கொடுத்தார். ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இந்த முறை மெதுவாக. முதல் வசனம்: 'எங்கள் கிராமத்தில் ஆறு இல்லை.' எழுதியது வழுக்கியாற்றுக்காரன். மிச்சத்தில் எழுத்துப்பிழை தாராளம். ஆசிரியை 20க்கு 13 போட்டிருந்தார். 15 போட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

போன வெள்ளி நல்ல மழை. ஒருவரும் அளக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆறே கால் மணிக்கு போன் ஒலித்தது. குடை பிடித்த கிணற்றுக்காரன். விதிப்படி படம்: ஈரக் கயிறு, கல், கட்டின் விளிம்பு. 2.85 மீற்றர். படத்தின் கீழ் மூலையில் மட்டும் சேறு படிந்த ஒரு கால் பெருவிரல்.

'விரல் என்ரைதான் சேர். அனுமதி வாங்கியாச்சு.'